ஒற்றைப்பொருள் வடிவமைப்புப் பாங்கு

ஒற்றைப்பொருள் வடிவமைப்புப் பாங்கு அல்லது சிங்கிள்டன் பாங்கு என்பது, பொருள் நோக்கு நிரலாக்கத்தில் ஒரு வகுப்பிலிருந்து ஒரே ஒரு பொருள் மட்டுமே உருவாக முடியும் என்பதை உறுதி செய்து, அப்பொருளை நிரலின் எப்பகுதியிலிருந்தும் பெறுவதற்கு ஒரு பொது வழியைத் தரும் வடிவமைப்புப் பாங்கு ஆகும். பொருள்களை உருவாக்கும் முறையை நெறிப்படுத்துவதால் இது ஆக்கவகைப் பாங்குகளுள் ஒன்றாக வகைப்படுத்தப்படுகின்றது. கணிதத்தில் ஒரே ஓர் உறுப்பைக் கொண்ட கணம், அதாவது ஓருறுப்புக் கணம், ஆங்கிலத்தில் சிங்கிள்டன் எனப்படும். இப்பாங்கின் பெயர் அதிலிருந்தே வந்தது.

வடிவமைப்புப் பாங்குகளுள் விளங்கிக் கொள்வதற்கு மிக எளியதாகத் தோன்றுவது இதுவே. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட இழைகள் ஒரே வேளையில் இயங்கும் நிரல்களில் இதனைப் பிழையின்றிச் செயற்படுத்துவது எளிதன்று. பல ஆண்டுகள் சரியெனக் கருதப்பட்டு வந்த ஒரு செயற்படுத்தல் முறை பின்னர் பிழையானது என நிறுவப்பட்டது. இக்கட்டுரை ஜாவா நிரலாக்க மொழியில் இப்பாங்கைச் செயற்படுத்தும் முறைகளையும், அவற்றின் குறை நிறைகளையும் விளக்குகின்றது.

வரலாறு

வடிவமைப்புப் பாங்கு என்னும் கருத்துரு கட்டடக் கலையிலிருந்து மென்பொருள் துறைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1977 இல் வெளியிட்ட நூலொன்றில், நகரங்களையும் கட்டடங்களையும் அமைக்கும்போது மீண்டும் மீண்டும் எழும் சிக்கல்களையும் அவற்றுக்கான தீர்வுகளையும் பாங்குகளாகத் தொகுத்தனர். 1987 இல் கென்ட் பெக், வார்டு கன்னிங்காம் ஆகியோர் இச்சிந்தனையை நிரலாக்கத்துக்குப் பொருத்திக் காட்டினர்.

எரிக் காமா, ரிச்சர்டு ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வரும் எழுதி 1994 இல் வெளிவந்த நூல் இத்துறையின் அடிப்படை நூலாக அமைந்தது. அந்நூலில் 23 பாங்குகள் விளக்கப்பட்டன. அவை ஆக்கவகை 5, அமைப்புவகை 7, நடத்தைவகை 11 என மூன்றாகப் பகுக்கப்பட்டன. ஆக்கவகைப் பாங்குகள் ஐந்தனுள் ஒற்றைப்பொருள் பாங்கும் ஒன்று. அந்நூலின் எடுத்துக்காட்டுகள் சி++, ஸ்மால்டாக் ஆகிய மொழிகளில் அமைந்திருந்தன. ஜாவா மொழி 1995 இல் வெளிவந்த பின்னர், பாங்குகளைக் கற்பிக்கும் நூல்கள் பலவும் ஜாவாவைக் கையாளத் தொடங்கின.

தேவை

ஒரு கடையில் பற்றுச்சீட்டுகளுக்கு வரிசை எண் வழங்கும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் வேறு வேறு எண் இருத்தல் வேண்டும். 1001 இல் தொடங்கி ஒவ்வொன்றாக எண்களை வழங்கும் பணியை எண்வழங்கி என்னும் வகுப்பு செய்கின்றது என்று கொள்வோம். இவ்வகுப்பிலிருந்து இரண்டு பொருள்கள் உருவாகிவிட்டால், ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கும். இரண்டுமே 1001 என்னும் எண்ணை வழங்கும். இரு வேறு வாடிக்கையாளரின் பற்றுச்சீட்டுகள் ஒரே எண்ணைத் தாங்கி வரும். கணக்கு முடிக்கும் நாளில் எந்தத் தொகை எவருடையது என்பதில் குழப்பம் நேரும்.

எனவே இங்கு ஒரு பொருள் மட்டும் இருத்தல் என்பது வசதிக்கான ஏற்பாடன்று. நிரல் சரியாக இயங்குவதற்கான நிபந்தனை ஆகும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. இயங்கிக் கொண்டிருக்கும் ஜாவா மெய்நிகர் பொறியைக் குறிக்கும் ரன்டைம் என்னும் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பொருளே உருவாக்கப்படுகின்றது. நிரலர் அதனைப் புதிதாக ஆக்க இயலாது; கேட்டுப் பெற மட்டுமே இயலும்.

பாங்கின் கூறுகள்

எம்மொழியில் எழுதினாலும் இப்பாங்கில் பொதுவாக மூன்று கூறுகள் காணப்படும்.

1. வகுப்பின் ஆக்கி வெளியாருக்கு மறைக்கப்பட்டிருக்கும். இதனால் பிற வகுப்புகள் இவ்வகுப்பின் பொருளைத் தாமே உருவாக்க இயலாது.
2. அந்த ஒரே பொருளைச் சுட்டும் மாறி ஒன்று, பொருளுக்கு உரியதாக இல்லாமல் வகுப்புக்கு உரியதாக இருக்கும்.
3. அப்பொருளைத் திருப்பித் தரும் பொதுச் செயற்கூறு ஒன்று இருக்கும். அதுவும் வகுப்புக்கு உரியதே.

நிரல்துண்டுகள் பற்றிய குறிப்பு

கீழ்வரும் நிரல்துண்டுகள் ஜாவாவின் தொடரமைப்பை அப்படியே பின்பற்றுகின்றன. ஆனால் மொழியின் கட்டளைச் சொற்களுக்கு மட்டும் தமிழ்ச் சொற்கள் இடப்பட்டுள்ளன. கிளாஸ் என்பது வகுப்பு, பப்ளிக் என்பது பொது, பிரைவேட் என்பது தனி, ஸ்டேட்டிக் என்பது நிலை, ஃபைனல் என்பது இறுதி, நியூ என்பது புதிய, நல் என்பது வெற்று, இஃப் என்பது எனில், ரிடர்ன் என்பது திருப்பு, இன்ட் என்பது முழுஎண், சின்க்ரனைஸ்டு என்பது பூட்டிய, ஈனம் என்பது பட்டியல்வகை எனத் தரப்பட்டுள்ளன. இயக்கிப் பார்க்க விரும்புவோர் இச்சொற்களை மட்டும் ஜாவாவின் சொற்களாக மாற்றினால் போதும். வகுப்பு, மாறி, செயற்கூறு ஆகியவற்றின் பெயர்களுக்கு யூனிகோடு எழுத்துகளை ஜாவா ஏற்றுக்கொள்வதால், எண்வழங்கி, கடைசிஎண் போன்ற பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. கோப்பை யுடிஎஃப்-8 குறிமுறையில் சேமிக்க வேண்டும். 2022 இல் வெளிவந்த ஜாவா 18 முதல் அதுவே இயல்புக் குறிமுறை ஆகும்.

செயற்படுத்தும் முறைகள்

முறை 1: தேவைப்படும்போது ஆக்கல்

பொருளை முதன்முதலாக எவரேனும் கேட்கும்போது ஆக்கி, பின்னர் கேட்போருக்கு அதையே தருவது இம்முறை.

பொது வகுப்பு எண்வழங்கி {
    தனி நிலை எண்வழங்கி ஒரேபொருள் = வெற்று;
    தனி முழுஎண் கடைசிஎண்;

    தனி எண்வழங்கி() {
        கடைசிஎண் = 1000;
    }

    பொது நிலை எண்வழங்கி பெறு() {
        எனில் (ஒரேபொருள் == வெற்று) {
            ஒரேபொருள் = புதிய எண்வழங்கி();
        }
        திருப்பு ஒரேபொருள்;
    }

    பொது பூட்டிய முழுஎண் அடுத்தஎண்() {
        கடைசிஎண் = கடைசிஎண் + 1;
        திருப்பு கடைசிஎண்;
    }
}

ஒரே இழையில் இயங்கும் நிரலுக்கு இது போதுமானது. பல்லிழை நிரலில் இது பிழையானது. பிழை நேரும் வகை பின்வருமாறு:

- முதல் இழை பெறு() என்பதை அழைக்கின்றது. மாறி வெற்றாக இருப்பதைக் காண்கின்றது.
- முதல் இழை பொருளை ஆக்கும் முன்னரே, இரண்டாம் இழையும் பெறு() என்பதை அழைக்கின்றது. மாறி இன்னும் வெற்றாகவே உள்ளது.
- முதல் இழை ஒரு பொருளை ஆக்கி எடுத்துச் செல்கின்றது.
- இரண்டாம் இழை மற்றொரு பொருளை ஆக்கி, மாறியின் மேல் எழுதி, அதனை எடுத்துச் செல்கின்றது.

இப்போது இரு பொருள்கள் உள்ளன. இரண்டும் 1001 ஐ வழங்கும். இப்பிழை ஒவ்வொரு முறையும் தோன்றுவதில்லை. இரு இழைகளும் மிகக் குறுகிய இடைவெளியில் மோதிக் கொண்டால் மட்டுமே தோன்றும். எனவே சோதனையின்போது வெளிப்படாமல், நெருக்கடி மிகுந்த பயன்பாட்டு நேரத்தில் வெளிப்படுவதே இதன் இயல்பு.

அடுத்தஎண்() என்னும் செயற்கூறு பூட்டப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். பொருள் ஒன்றே ஆயினும், அதனைப் பல இழைகள் பயன்படுத்தும். கூட்டுவதும் திருப்பித் தருவதும் இடையூறின்றி ஒருங்கே நிகழாவிட்டால், ஒரே பொருளே ஒரே எண்ணை இருவருக்கு வழங்கிவிடும். ஒற்றைப்பொருள் பாங்கு பொருளின் எண்ணிக்கையை மட்டுமே கட்டுப்படுத்துகின்றது. பொருளின் உள்ளே இருக்கும் தரவை அது காப்பதில்லை. தொடக்க நிலை மாணவர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுவாகும்.

முறை 2: செயற்கூறு முழுவதையும் பூட்டுதல்

மேற்கண்ட பிழைக்கு நேரடியான தீர்வு, பெறு() என்னும் செயற்கூற்றின் தலைப்பிலும் பூட்டிய என்னும் சொல்லைச் சேர்ப்பதாகும். ஓர் இழை உள்ளே இருக்கும்போது மற்றோர் இழை வாயிலில் காத்திருக்கும். இம்முறை முற்றிலும் சரியானது.

இதன் குறை வேகம் தொடர்பானது. முதல் முறை மட்டுமே பூட்டு தேவை. ஆனால் அதன் பின்னர் ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறந்து மூட வேண்டியுள்ளது. ஜாவாவின் தொடக்கக் காலத்தில் இச்செலவு மிகுதியாக இருந்தது. பின்வந்த மெய்நிகர் பொறிகளில், போட்டியில்லாத பூட்டின் செலவு பெரிதும் குறைந்துவிட்டது. பெறு() அடிக்கடி அழைக்கப்படாத நிரல்களில் இவ்வெளிய முறையே போதுமானது.

முறை 3: இருமுறை சோதித்துப் பூட்டுதல்

பூட்டின் செலவைத் தவிர்க்கும் நோக்கில் எழுந்தது இம்முறை. டக்ளஸ் சிமிட், டிம் ஹாரிசன் ஆகியோர் 1990 களின் நடுப்பகுதியில் இதனைத் தனியொரு பாங்காக விவரித்தனர். முதலில் பூட்டாமல் சோதிப்பது, வெற்றாக இருந்தால் மட்டும் பூட்டி மீண்டும் ஒருமுறை சோதிப்பது என்பதே இதன் உட்கருத்து.

    பொது நிலை எண்வழங்கி பெறு() {
        எனில் (ஒரேபொருள் == வெற்று) {
            பூட்டிய (எண்வழங்கி.வகுப்பு) {
                எனில் (ஒரேபொருள் == வெற்று) {
                    ஒரேபொருள் = புதிய எண்வழங்கி();
                }
            }
        }
        திருப்பு ஒரேபொருள்;
    }

படிப்போருக்கு இதில் குறை ஏதும் தென்படுவதில்லை. நூல்களிலும் இதழ்களிலும் இது பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டது. ஆயினும் இவ்வடிவில் இது பிழையானது.

புதிய எண்வழங்கி() என்னும் ஒரே வரியில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன:

அ. பொருளுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குதல். அப்போது கடைசிஎண் 0 ஆக இருக்கும்.
ஆ. ஆக்கியை இயக்குதல். அப்போது கடைசிஎண் 1000 ஆக மாறும்.
இ. பொருளின் முகவரியை ஒரேபொருள் என்னும் மாறியில் எழுதுதல்.

இவை இதே வரிசையில் நிகழும் என்றே நிரலர் எதிர்பார்ப்பார். ஆனால் வேகத்தைக் கூட்டுவதற்காகத் தொகுப்பியும் செயலகமும் கட்டளைகளின் வரிசையை மாற்ற அனுமதி உண்டு. ஓர் இழையின் பார்வையில் விளைவு மாறாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. எனவே மூன்றாவது செயல் இரண்டாவதற்கு முன் நிகழ்ந்துவிடலாம். கட்டளைகள் வரிசைப்படி நிகழ்ந்தாலும், ஒரு செயலகக் கருவில் எழுதப்பட்டவை மற்றொரு கருவுக்கு அதே வரிசையில் தெரியும் என்னும் உறுதியும் இல்லை.

அவ்வாறு நேர்ந்தால், இரண்டாம் இழை பூட்டுக்கு வெளியே செய்யும் முதற் சோதனையில் மாறி வெற்றாக இல்லை என்று காணும். பூட்டைத் தொடாமலே பொருளை எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்பொருள் முழுமை பெற்றதன்று. கடைசிஎண் இன்னும் 0 ஆகவே தெரிவதால், முதல் பற்றுச்சீட்டு 1001 என்பதற்கு மாறாக 1 என்னும் எண்ணைப் பெறும். பொருள் ஒன்றாகவே இருந்தும் விளைவு தவறாகின்றது.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பியூ, ஜோசுவா பிளாக், டக் லே உள்ளிட்ட வல்லுநர் பலர், இம்முறை பிழையானது என அறிவிக்கும் கூட்டு அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். மாறியை வாலட்டைல் என அறிவிப்பதும் அன்றைய ஜாவாவில் பயன் தரவில்லை. அன்றைய விதிகள், வாலட்டைல் மாறிக்கும் சாதாரண மாறிகளுக்கும் இடையே வரிசை மாறுவதைத் தடுக்கவில்லை.

ஜேஎஸ்ஆர்-133 என்னும் திருத்தத்தின் வழியாக ஜாவாவின் நினைவக மாதிரி மாற்றி அமைக்கப்பட்டு, 2004 இல் வெளிவந்த ஜாவா 5 இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, வாலட்டைல் மாறியில் எழுதுவதற்கு முன் ஓர் இழை செய்தவை அனைத்தும், அம்மாறியின் அம்மதிப்பைப் படிக்கும் மற்றோர் இழைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். எனவே ஜாவா 5 முதல், மாறியின் அறிவிப்பைப் பின்வருமாறு மாற்றினால் இம்முறை சரியாக இயங்கும்.

    தனி நிலை வாலட்டைல் எண்வழங்கி ஒரேபொருள் = வெற்று;

இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் பழைய பிழை அப்படியே திரும்பும். நிரல் தொகுக்கப்படும், இயங்கும், பெரும்பாலும் சரியான விடையையும் தரும். அதனாலேயே இது ஆபத்தானது.

முறை 4: தொடக்கத்திலேயே ஆக்கல்

    தனி நிலை இறுதி எண்வழங்கி ஒரேபொருள் = புதிய எண்வழங்கி();

    பொது நிலை எண்வழங்கி பெறு() {
        திருப்பு ஒரேபொருள்;
    }

வகுப்பு தொடக்கநிலைப்படுத்தப்படும்போதே பொருளும் ஆக்கப்பட்டுவிடுகின்றது. வகுப்பைத் தொடக்கநிலைப்படுத்துதல் ஒருமுறை மட்டுமே நிகழும் என்பதையும், அவ்வேளையில் பிற இழைகள் காத்திருக்கும் என்பதையும் ஜாவா மொழியின் வரையறையே உறுதி செய்கின்றது. எனவே நிரலர் பூட்டு எதனையும் எழுத வேண்டியதில்லை.

இம்முறையில் நிரல் தொடங்கிய உடனேயே பொருள் ஆக்கப்பட்டுவிடும் என்ற தவறான எண்ணம் பரவலாக உள்ளது. ஜாவாவில் ஒரு வகுப்பு, அது முதன்முதலாகப் பயன்படுத்தப்படும்போதுதான் தொடக்கநிலைப்படுத்தப்படுகின்றது. பெறு() தவிர வேறு நிலைச் செயற்கூறுகள் இல்லாத வகுப்பில், இம்முறைக்கும் தேவைப்படும்போது ஆக்கலுக்கும் நடைமுறையில் வேறுபாடு மிகக் குறைவு. பிற நிலைச் செயற்கூறுகள் இருந்தால் மட்டுமே, அவற்றுள் ஒன்றை அழைக்கும்போது தேவையின்றிப் பொருளும் ஆக்கப்படும்.

முறை 5: தாங்கி வகுப்பு

மேற்கூறிய குறையையும் நீக்குவது இம்முறை. இது வில்லியம் பியூவின் பெயரோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகின்றது.

பொது வகுப்பு எண்வழங்கி {
    தனி முழுஎண் கடைசிஎண்;

    தனி எண்வழங்கி() {
        கடைசிஎண் = 1000;
    }

    தனி நிலை வகுப்பு தாங்கி {
        நிலை இறுதி எண்வழங்கி ஒரேபொருள் = புதிய எண்வழங்கி();
    }

    பொது நிலை எண்வழங்கி பெறு() {
        திருப்பு தாங்கி.ஒரேபொருள்;
    }
}

தாங்கி என்னும் உள்வகுப்பைப் பெறு() மட்டுமே தொடுகின்றது. எனவே பெறு() முதன்முறை அழைக்கப்படும் வரை தாங்கி தொடக்கநிலைப்படுத்தப்படுவதில்லை, பொருளும் ஆக்கப்படுவதில்லை. பூட்டும் இல்லை, வாலட்டைலும் இல்லை. ஆயினும் பல்லிழைச் சூழலில் பாதுகாப்பானது.

4, 5 ஆகிய முறைகளுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. ஆக்கி இயங்கும்போது பிழை எழுந்தால், எடுத்துக்காட்டாக, அது படிக்க வேண்டிய கோப்பு கிடைக்காவிட்டால், அவ்வகுப்பு பழுதுற்றதாகக் குறிக்கப்பட்டுவிடும். பின்னர் கோப்பு கிடைத்தாலும், அதே வகுப்பேற்றியின் கீழ் அவ்வகுப்பை மீண்டும் தொடக்கநிலைப்படுத்த இயலாது. மறுமுயற்சி தேவைப்படும் இடங்களில் 2 அல்லது 3 ஆம் முறையே பொருந்தும்.

முறை 6: பட்டியல்வகை

கிழமைகள், திசைகள் போன்று, எண்ணிக்கை முன்னரே அறியப்பட்ட மதிப்புகளைக் குறிக்கும் பட்டியல்வகை ஜாவா 5 இல் அறிமுகமானது. பட்டியலில் ஒரே ஓர் உறுப்பு மட்டும் இருந்தால், அதுவே ஒற்றைப்பொருள் ஆகிவிடுகின்றது.

பொது பட்டியல்வகை எண்வழங்கி {
    ஒரேபொருள்;

    தனி முழுஎண் கடைசிஎண் = 1000;

    பொது பூட்டிய முழுஎண் அடுத்தஎண்() {
        கடைசிஎண் = கடைசிஎண் + 1;
        திருப்பு கடைசிஎண்;
    }
}

எண்வழங்கி.ஒரேபொருள்.அடுத்தஎண்() என்று எழுதி இதனைப் பயன்படுத்தலாம். ஜோசுவா பிளாக் 2008 இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இம்முறையையே சிறந்ததாகப் பரிந்துரைத்தார். அடுத்த பிரிவில் விளக்கப்படும் மீறல்கள் பலவற்றை மொழியே தடுத்துவிடுவது இதன் தனிச்சிறப்பு. பட்டியல்வகை வேறொரு வகுப்பிலிருந்து மரபுரிமம் பெற இயலாது என்பது இதன் குறை. எனினும் இடைமுகங்களை அது செயற்படுத்தலாம்.

ஒருமை மீறப்படும் வழிகள்

ஆக்கியைத் தனி என அறிவித்த பின்னரும், இரண்டாவது பொருள் உருவாகக் கூடிய வழிகள் சில உள்ளன.

ரிஃப்ளெக்சன்: நிரல் தன் கட்டமைப்பைத் தானே ஆராயவும் கையாளவும் ஜாவா தரும் வசதி இது. இதன் வழியாகத் தனி ஆக்கியையும் அழைக்க முடியும். ஒரு பொருள் முன்னரே இருப்பின் பிழை எழுப்புமாறு ஆக்கியை எழுதுவது ஓரளவு பாதுகாப்புத் தரும். பட்டியல்வகையை ரிஃப்ளெக்சன் மூலம் ஆக்க முயன்றால், ஜாவா தானே மறுத்துவிடும்.

தொடராக்கம்: பொருளைக் கோப்பில் எழுதிப் பின்னர் மீட்டெடுக்கும் சீரியலைசேசன் வசதியில், மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய பொருள் உருவாகும். அவ்வகுப்பின் ஆக்கி அப்போது அழைக்கப்படுவதே இல்லை. ரீட்ரிசால்வ் என்னும் செயற்கூற்றை எழுதி, மீட்டெடுத்த பொருளுக்கு மாற்றாக முன்பிருந்த பொருளைத் திருப்பித் தருவது இதற்கான தீர்வு. பட்டியல்வகையில் உறுப்பின் பெயர் மட்டுமே எழுதப்படுவதால் இச்சிக்கல் எழுவதில்லை.

படியெடுத்தல்: குளோனபிள் என்னும் இடைமுகத்தைச் செயற்படுத்தும் வகுப்பின் பொருளைப் படியெடுக்க இடமுண்டு. ஒற்றைப்பொருள் வகுப்பு இந்த இடைமுகத்தைத் தவிர்க்க வேண்டும்.

வகுப்பேற்றிகள்: ஜாவாவில் ஒரு வகுப்பின் அடையாளம் அதன் பெயர் மட்டுமன்று, அதனை ஏற்றிய வகுப்பேற்றியும் சேர்ந்ததே அடையாளம் ஆகும். இரு வகுப்பேற்றிகள் ஒரே வகுப்பைத் தனித்தனியே ஏற்றினால், அவை இரு வகுப்புகளாகவே கொள்ளப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருக்கும். வலைச் செயலிகளை இயக்கும் வழங்கிகளில் இது வழமையாக நிகழ்வது. பட்டியல்வகையும் இதனைத் தடுப்பதில்லை.

பல கணினிகள்: இப்பாங்கின் எல்லை ஒரு மெய்நிகர் பொறியோடு முடிகின்றது. கடையின் மென்பொருள் இரண்டு கணினிகளில் இயங்கினால், இரண்டிலும் ஓர் எண்வழங்கி இருக்கும். இரண்டும் 1001 ஐ வழங்கும். அவ்வாறான இடங்களில் வரிசை எண்ணைத் தரவுத்தளத்திடம் ஒப்படைப்பதே முறை.

நிலைச் செயற்கூறுகளுடன் ஒப்பீடு

பொருளே இல்லாமல், நிலைச் செயற்கூறுகளை மட்டும் கொண்ட வகுப்பாலும் இப்பணியைச் செய்யலாமே என்ற வினா எழக்கூடும். ஜாவாவின் மேத் என்னும் கணித வகுப்பு அத்தகையது. மாறும் தரவு எதுவும் இல்லாத கணிப்புகளுக்கு அது போதும். ஒற்றைப்பொருள் உண்மையான ஒரு பொருள் என்பதால், அது இடைமுகத்தைச் செயற்படுத்தலாம், பிற செயற்கூறுகளுக்கு உள்ளீடாகத் தரப்படலாம், பல்லுருவாக்கத்தில் பங்கேற்கலாம். நிலைச் செயற்கூறுகளுக்கு இவை இயலா.

பிற மொழிகளில்

- சி++: செயற்கூற்றின் உள்ளே அறிவிக்கப்படும் நிலை மாறி பல்லிழைச் சூழலிலும் ஒருமுறை மட்டுமே தொடக்கநிலைப்படுத்தப்படும் என 2011 ஆம் ஆண்டின் தரப்பாடு உறுதி அளித்தது. அதற்கு முன் இருமுறை சோதித்துப் பூட்டுதலின் சிக்கல் இம்மொழியிலும் இருந்தது. ஸ்காட் மேயர்ஸ், ஆந்திரேய் அலெக்சாந்திரெஸ்கு ஆகியோர் 2004 இல் அதனை விரிவாக விளக்கினர்.
- ஸ்மால்டாக்: மெய், பொய், வெற்று ஆகிய மூன்றும் தத்தம் வகுப்புகளின் ஒரே பொருள்கள் ஆகும்.
- சி ஷார்ப்: 2010 இல் வெளிவந்த டாட்நெட் 4 இல் இடம்பெற்ற லேசி என்னும் வகுப்பு, தேவைப்படும்போது ஆக்கும் பணியை ஏற்றுக்கொள்கின்றது.
- ஸ்காலா, கோட்லின்: இம்மொழிகளில் ஒற்றைப்பொருளை அறிவிப்பதற்கென்றே தனிக் கட்டளைச் சொல் உண்டு.
- பைத்தான்: கூறு எனப்படும் கோப்பு ஒருமுறை மட்டுமே ஏற்றப்படுவதால், அதில் வைக்கப்படும் பொருளே பெரும்பாலும் போதுமானது.

விமர்சனங்கள்

ஒற்றைப்பொருள் பாங்கு மிகுதியாகக் கையாளப்பட்டதைப் போலவே மிகுதியாக விமர்சிக்கப்பட்டும் உள்ளது. பாங்குகள் நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவரான எரிக் காமாவே, 2009 இல் அளித்த நேர்காணலில், நூலைத் திருத்தி எழுதினால் இப்பாங்கை நீக்கவே தாம் விரும்புவதாகக் கூறினார். முதன்மையான குறைகள் வருமாறு:

மறைமுகச் சார்பு: ஒரு வகுப்பின் ஆக்கியையும் செயற்கூறுகளின் தலைப்புகளையும் படித்தால், அது எவற்றைச் சார்ந்துள்ளது என்பது புலப்பட வேண்டும். உள்ளே எங்கோ ஓரிடத்தில் எண்வழங்கி.பெறு() என்று எழுதப்பட்டிருந்தால், அச்சார்பு வெளியே தெரிவதில்லை. இவ்வகையில் ஒற்றைப்பொருள், உலகளாவிய மாறியின் மறுவடிவமே என்பர்.

சோதனைக்கு இடையூறு: முதற் சோதனை ஓர் எண்ணைப் பெற்று, அது 1001 ஆக உள்ளதா என்று பார்க்கின்றது என்று கொள்வோம். இரண்டாம் சோதனையும் அவ்வாறே பார்த்தால், அது தோல்வியடையும். ஏனெனில் பொருள் முந்தைய சோதனையை நினைவில் வைத்துள்ளது. சோதனைகளின் வரிசையை மாற்றினால் விடையும் மாறும். நிரலில் பிழை இல்லாமலே சோதனைகள் தவறும் நிலை இதனால் தோன்றுகின்றது.

இரு பொறுப்புகள்: தன் பணியைச் செய்வதோடு, தன் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் பணியையும் வகுப்பு ஏற்கின்றது. கடைக்கு இரண்டாவது கிளை ஏற்பட்டு, கிளைக்கு ஒரு வரிசை தேவைப்படும் நாளில், வகுப்பையே மாற்றி எழுத வேண்டிவரும்.

மாற்று வழி

சார்பை உட்செலுத்துதல் என்னும் முறை இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகின்றது. நிரலின் தொடக்கத்தில் எண்வழங்கியை ஒரே ஒரு முறை ஆக்கி, அது தேவைப்படும் வகுப்புகளுக்கு அவற்றின் ஆக்கியின் வழியாகத் தந்துவிடுவது இம்முறை. வகுப்பின் ஆக்கி மறைக்கப்படுவதில்லை. பொருள் ஒன்றாக இருப்பது நிரலின் அமைப்பால் உறுதி செய்யப்படுகின்றது. சோதனையின்போது ஒவ்வொரு சோதனைக்கும் புதிய எண்வழங்கியைத் தரலாம். 2004 இல் முதற் பதிப்பு வெளிவந்த ஸ்பிரிங் சட்டகம் இப்பணியைத் தானே செய்கின்றது. அதில் அறிவிக்கப்படும் பொருள்கள், வேறு குறிப்பு இல்லையெனில், கொள்கலனுக்கு ஒன்றாகவே ஆக்கப்படுகின்றன.

ஒன்று போதும் என்பதும் ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது என்பதும் வேறு வேறு தேவைகள் ஆகும். முதலாவது தேவைக்குச் சார்பை உட்செலுத்துதல் நிறைவான தீர்வு. இரண்டாவது இருந்தால் பட்டியல்வகை அல்லது தாங்கி வகுப்பைக் கையாள்வது நன்று. இருமுறை சோதித்துப் பூட்டுதலைக் கையாள்வோர், வாலட்டைல் என்னும் சொல் இடம்பெற்றுள்ளதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- பொருள் நோக்கு நிரலாக்கம்
- வடிவமைப்புப் பாங்கு
- தொழிற்சாலைச் செயற்கூற்றுப் பாங்கு
- முன்மாதிரிப் பாங்கு
- பல்லிழை நிரலாக்கம்
- ஜாவா நிரலாக்க மொழி
- சார்பை உட்செலுத்துதல்